ஸ்மார்ட் மீட்டர் இலவசமாம், சொன்னவர் வந்து கணக்குக் காட்டட்டும்

பல்லடத்தான்:
நேற்று இன்னொரு இழையில் 'முன்னாள் ஏஇ' என்கிற பெரியவர், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தவர், தானே ரீடிங் அனுப்புகிற ஸ்மார்ட் மீட்டர் பற்றி முத்து உதிர்த்தார்: "ஸ்மார்ட் மீட்டருக்கு நுகர்வோர் ஒரு பைசா தர வேண்டாம். மாட்டுவது கம்பெனி, மானியம் மத்திய அரசு. சும்மா பயமுறுத்தாதீர்கள்." நான் பதில் எழுதுவதற்குள் இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் தனியாகத் திறக்கிறேன்.

கேள்வி ஒன்றுதான். 2017இல் ஈஈஎஸ்எல் என்கிற மத்திய அரசு நிறுவனம் உ.பி., ஹரியானாவுக்காக 50 லட்சம் ஸ்மார்ட் மீட்டர் டெண்டர் விட்டது. அதில் ஐடிஐ என்கிற பொதுத்துறை நிறுவனம் கேட்ட விலை மீட்டருக்கு 2,503 ரூபாய். 2023இல் மகாராஷ்டிராவில் கொடுத்த ஒப்பந்தங்களில் சராசரி சுமார் 12,000. ஆறு வருடத்தில் மீட்டருக்குத் தங்க முலாம் பூசினார்களா? பெருமையாகச் சொல்கிற மானியம் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மீட்டருக்கு அதிகபட்சம் 900 ரூபாய். மீதியை யார் அப்பன் வீட்டுப் பணத்தில் கட்டுவார்கள்?

முன்னாள் ஏஇ:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். 2,503 என்பது வெறும் மீட்டர். மென்பொருளுக்கும் தகவல் தொடர்புக்கும் ஈஈஎஸ்எல் தனி டெண்டர் விட்டது. அந்த 12,000 டோட்டெக்ஸ் முறை. மீட்டர், மாட்டுக்கூலி, சிம், சர்வர், பழுதானால் புது மீட்டர், கம்பெனி போட்ட முதலுக்கு வட்டி என எல்லாம் சேர்ந்து பத்து வருடத்துக்கு. காரின் விலையையும் பத்து வருட டிரைவர் சம்பளம் சேர்ந்த தொகையையும் பக்கத்தில் வைத்து "ஐயோ கொள்ளை" என்று கத்துவது பாமரத்தனம்.

பல்லடத்தான்:
பாமரன்தான் சார். பாமரனுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி போதும்: 2,503 எப்படி 12,000 ஆனது? மிச்சம் 9,497க்கு பிரிப்பு கொடுங்கள். சிம்முக்கு எவ்வளவு, சர்வருக்கு எவ்வளவு, மாட்ட வருகிற பையனுக்கு எவ்வளவு?

நானே ஒரு கணக்குப் போடுகிறேன். ஒப்பந்த மாதிரியில் ஒரு மீட்டருக்குக் கம்பெனிக்குப் பணம் கொடுக்கிற காலம் 93 மாதம். 12,000ஐ 93ஆல் வகுத்தால் மாதம் 129. நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆக ஒரு பில்லுக்கு 258. 100 யூனிட்டுக்குள் ஓட்டி பூஜ்யம் பில் வாங்குகிற பாட்டி வீட்டு மீட்டருக்கும் இந்த 258 உண்டு. பாட்டி பில்லில் தெரியாது, வாரியக் கணக்கில் தெரியும். அப்புறம் அடுத்த கட்டண உயர்வில் எல்லார் தலையிலும் விடியும். இதற்குப் பெயர் இலவசமா?

லண்டன்வாசி:
நண்பர்களே, இங்கே பிரிட்டனில் பதினைந்து வருடமாக இதே சண்டைதான். இங்கும் மீட்டர் "இலவசம்". செலவு முழுக்க எல்லார் பில்லிலும் கலந்துவிட்டது. என் வீட்டில் மின்சாரம், கேஸ் இரண்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர். கேஸ் மீட்டர் பேட்டரியில் ஓடும், கணக்கை மின்மீட்டர் மேல் இருக்கிற பெட்டிக்கு அனுப்பும், அது வெளியே அனுப்பும். முதல் தலைமுறை மீட்டர்களில் கம்பெனி மாறினால் ஸ்மார்ட் போய் ஊமையாகிவிடும் நிலை இருந்தது. 2020க்குள் முடிப்பதாகச் சொன்ன திட்டம் இன்னும் முடியவில்லை. 40 லட்சத்துக்கு மேல் மீட்டர்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று 2024இல் அரசே கணக்குக் கொடுத்தது.

பல்லடத்தான்:
லண்டன் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள் ஏஇ சார். "செலவு முழுக்க எல்லார் பில்லிலும்".

லண்டன்வாசி:
நான் மீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு இராத்திரி மலிவுக் கட்டணம் கிடைக்கிறது. கார் சார்ஜ் போடுகிறேன்.

பல்லடத்தான்:
அந்த இரண்டாவது பாதியை நான் கேட்கவில்லை அண்ணா.

திருவான்மியூர் அக்கா:
ஒரு சின்ன சந்தேகம். ஸ்மார்ட் மீட்டர் வேறு, ப்ரீபெய்டு வேறுதானே? ரீசார்ஜ் செய்யாமல் பழையபடி பில் கட்ட முடியுமா? எங்கள் ஃபிளாட்டில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள்.

டீக்கடை பெஞ்ச்:
அக்கா, இங்கே அதையெல்லாம் கேட்கக் கூடாது. 2,503ஆ 12,000ஆ என்று ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான் 😄

முன்னாள் ஏஇ:
களத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மீட்டரை வாங்கிப் பலகையில் திருகினால் வேலை முடிந்தது என்று இவர் நினைக்கிறார். அடுக்குமாடியில் மீட்டர் எங்கே இருக்கும்? மாடிப்படிக்குக் கீழே, இரும்புக் கதவு போட்ட பெட்டிக்குள். சிக்னல் செத்துப்போகும். ஆன்டெனாவை ஒயர் இழுத்து வெளியே வைக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து மீட்டர் வழியாகத் தாவிப் போகிற ஆர்.எஃப் முறை போட வேண்டும். பழைய சர்வீஸில் டெர்மினலைத் தொட்டாலே இன்சுலேஷன் பொடிப்பொடியாக உதிரும். அந்த ஒயரை மாற்றுவது யார் செலவு? இதெல்லாம் 2,503க்குள் வராது ஐயா.

பல்லடத்தான்:
ஒயர் மாற்ற 9,497 ரூபாயா? எங்கள் ஊர் வயர்மேன் கேட்டால் மயங்கி விழுவார்.

முன்னாள் ஏஇ:
விதண்டாவாதம். தமிழ்நாடே விலை அதிகம் என்று 82 லட்சம் மீட்டர் டெண்டரை 2024 டிசம்பரில் ரத்து செய்தது. 12,000 நம் ஊர் விலையே இல்லை. இல்லாத விலைக்கு எதற்கு இந்தக் கூச்சல்?

பல்லடத்தான்:
ஆஹா! விலை அதிகம் என்று அரசே ரத்து செய்தது என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நான் நேற்றிலிருந்து வேறு என்ன சொல்கிறேன்?

முன்னாள் ஏஇ:
ரத்து செய்தார்கள் என்றால் முறை சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பல்லடத்தான்:
ரத்து செய்தார்கள் என்றால் நான் சொன்னது சரி என்று அர்த்தம்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஒரே செய்தியை வைத்து எதிரெதிரே வெற்றி விழா கொண்டாடுகிறீர்கள். கேரளா டோட்டெக்ஸே வேண்டாம் என்று தானே வாங்கி மாட்டுகிற வழிக்குப் போனது, முதல் கட்டம் 3 லட்சம் மீட்டர். அதைப் பற்றி யாராவது பேசுங்களேன். அப்புறம் பல்லடத்தாரே, இலவசம் என்றால் இவ்வளவு கோபப்படுகிறீர்களே, விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அது யார் அப்பன் வீட்டுப் பணம்?

பல்லடத்தான்:
வந்துட்டாரய்யா. தறிக்காரன் வயிற்றெரிச்சலைக் கிளப்பாமல் உங்களுக்குச் சோறு இறங்காது. அந்த 1,000 யூனிட் இல்லையென்றால் கூலிக்கு நெசவு ஓட்டுகிறவன் தறியை எடைக்குப் போட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குக் காவலுக்குப் போக வேண்டியதுதான். உங்கள் வீட்டு ஏ.சி.க்கு முதல் 100 யூனிட் இலவசமாக வருகிறதே, அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
நான் ஏ.சி. வைத்திருக்கிறேன் என்று யார் சொன்னது?

பல்லடத்தான்:
கோடையில் நீங்களே இங்கே புலம்பினீர்கள். 500 யூனிட் தாண்டி பில் எகிறிவிட்டது என்று அழுதது யார்? நான் எதையும் மறக்க மாட்டேன்.

விவசாயி மகன்:
தறியை விடுங்கள். கிணற்று மோட்டாருக்கு மீட்டர் வைத்தால் அடுத்தது காசுதான். எங்கள் அப்பா காலத்திலிருந்து மீட்டர் இல்லாமல் ஓடுகிறது, அப்படியே ஓடட்டும். மீட்டர் வைக்க வருகிறவர் காலில் செருப்போடு திரும்பிப் போகட்டும்.

முன்னாள் ஏஇ:
அதுவும் இந்த இழைக்குச் சம்பந்தமில்லை. மத்திய அரசின் ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தில் விவசாய இணைப்புக்கு ப்ரீபெய்டு மீட்டர் கட்டாயமில்லை. படிக்காமல் வந்து குதிக்கக் கூடாது.

விவசாயி மகன்:
இன்றைக்குக் கட்டாயமில்லை. நாளைக்கு?

பல்லடத்தான்:
அவர் கேட்பதில் என்ன தப்பு? குஜராத்தில் வதோதராவில் 2024 மே மாதம் ஸ்மார்ட் மீட்டருக்கு எதிராக ஜனங்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள்? மகாராஷ்டிராவில் அடுத்த மாதமே சாதாரண வீடுகளுக்கு ப்ரீபெய்டு இல்லை என்று அன்றைய துணை முதல்வர் ஃபட்னாவிஸ் ஏன் அறிவித்தார்? உ.பி.யில் 2020 கிருஷ்ண ஜெயந்தி அன்று ஸ்மார்ட் மீட்டர் தானாகவே லட்சக்கணக்கான வீடுகளில் கரண்டைப் பிடுங்கியது. கண்ணன் பிறந்த நாளில் ஊரே இருட்டு. முன்பு ஃபியூஸ் பிடுங்க ஒரு ஆளாவது வருவார், காபி கொடுத்து ஒரு நாள் தவணை கேட்கலாம். அந்தக் கூத்தை நடத்தியதும் இதே ஈஈஎஸ்எல் மீட்டர்தான்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் பொறுங்கள். காலையிலிருந்து நீங்கள் ஆரத்தி எடுக்கிற 2,503 ரூபாய் மீட்டரும் அதே ஈஈஎஸ்எல் உ.பி.க்கு வாங்கியதுதானே?

டீக்கடை பெஞ்ச்:
😂😂😂

பல்லடத்தான்:
மலிவு மீட்டர் கெட்டது என்றால் 12,000 மீட்டர் நல்லது என்று ஆகிவிடுமா? கரண்டைப் பிடுங்கியது மென்பொருள். ஏஇ சார்தான் சொன்னாரே, மென்பொருள் தனி டெண்டர், 2,503 வெறும் மீட்டர் என்று. அப்போது மட்டும் தனி, இப்போது மட்டும் சேர்த்தியா? பிரிப்பு எங்கே?

லண்டன்வாசி:
இங்கே 2023இல் பாக்கி வைத்த குடும்பங்களின் வீட்டுக்குள் நீதிமன்ற உத்தரவோடு புகுந்து ப்ரீபேமென்ட் மீட்டர் மாட்டியது பெரிய விவகாரமானது. ஆஃப்ஜெம் என்கிற மின்சார, கேஸ் ஒழுங்குமுறை ஆணையம் அதை நிறுத்தி வைத்தது. ஸ்மார்ட் மீட்டராக இருந்தால் வீட்டுக்குள் வராமலேயே ப்ரீபெய்டாக மாற்ற முடியும். அந்த அக்கா கேட்டதற்கு இதுதான் பதில், ஸ்மார்ட் வேறு...

முன்னாள் ஏஇ:
எல்லாவற்றுக்கும் லண்டனைக் கொண்டு வராதீர்கள். அங்கே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். இங்கே மாற்ற என்ன இருக்கிறது? இருப்பது ஒரே வாரியம்.

பல்லடத்தான்:
முதல் தடவையாக ஏஇ சார் ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒரே வாரியம், ஓட இடமில்லை, 258 ரூபாயை வேறு எவன் தலையில் கட்ட முடியும்?

முன்னாள் ஏஇ:
258 நீங்கள் கற்பனை செய்த எண்.

பல்லடத்தான்:
12,000 வகுத்தல் 93, பெருக்கல் 2. கால்குலேட்டர் இருக்கிறதா, அனுப்பட்டுமா?

முன்னாள் ஏஇ:
ரீடிங் எடுக்க ஆள் வேண்டாம், கதவு பூட்டியிருந்தால் பழைய பில்லையே போடும் கூத்து வேண்டாம், திருட்டு உடனே தெரியும். இந்த மிச்சத்தையும் கழிக்க வேண்டும். அதெல்லாம் உங்கள் கால்குலேட்டரில் வராது. மாதாமாதம் பில் என்று தேர்தலில் கேட்டவர்கள்தானே நீங்கள்? மாதம் தோறும் ரீடிங் எடுக்க ஆள் எங்கே?

பல்லடத்தான்:
ரீடிங் எடுப்பவர் சம்பளத்தை மிச்சம் என்று எழுதுகிறவர், முப்பது வருடம் அதே வாரியத்தில் சம்பளம் வாங்கிப் பென்ஷன் வாங்குகிறவர். நன்றாக இருக்கிறது சார்.

திருவான்மியூர் அக்கா:
யாராவது என் கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்வீர்களா? எங்கள் அசோசியேஷன் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

பல்லடத்தான்:
சொல்கிறேன் அக்கா, முதலில் இவர் 9,497க்குப் பிரிப்பு போடட்டும். நான் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன், காலையில் வந்து பார்ப்பேன்.

முன்னாள் ஏஇ:
போட மாட்டேன். போன வருடம் சோலார் நெட் மீட்டர் இழையில் நான் கேட்டதற்கு இவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் வந்த பிறகு பார்க்கலாம்.