மறு: டிரான்ஸ்லேஷன் – ‘பெயர்ச்சி’க்குப் பதில் ‘ஈடுநிலை’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பாடலொன்றின் ஒலிக்கலவை (குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்த்த ஒலி) பெரிய ஒலிபெருக்கியிலும் சிறியதிலும் உருக்குலையாமல் கேட்கும் பண்பை ஒலிப்பதிவுக் கூடங்களில் டிரான்ஸ்லேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாகக் குழுவில் முன்வைக்கப்பட்ட ‘பெயர்ச்சி’யை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. உயர்தரப் பௌதிகவியலின் இடப்பெயர்ச்சி வேறு, நாட்காட்டியின் சனிப்பெயர்ச்சி வேறு என்பது ஒருபுறமிருக்க, பெயர்தல் என்பது இடம் மாறுவதைச் சொல்கிறதே தவிர, மாறிய இடத்திலும் நிலைகுலையாதிருப்பதைச் சொல்வதில்லை. ‘பல்கருவிப் பொருத்தம்’ என்றால் பொருளால் சரி. வேலை செய்பவரின் வாயில் நுழையாது.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பழைய லயக் காம்பிரா (வரிசை வீட்டு அறை) அளவேயான 12 அடிக்கு 10 அடி அறையொன்றில் நான் கலவை செய்கிறேன். அதன் நீளம் ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸிலும் (நொடிக்கு 47 அதிர்வுகள்) அகலம் 56 ஹேர்ட்ஸிலும் நிலையான அலைகளை, அதாவது எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி சேர்ந்து சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் மெலிந்தும் நிற்கும் அலைகளை, எழுப்புகின்றன. பேஸ் கிட்டாரின் இரண்டாவது தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் எழுவது 55 ஹேர்ட்ஸ் என்பதால், அந்தச் சுரம் சுவரோரம் முழங்குகிறது, அறையின் நடுவில் மெலிந்துபோகிறது. சுவரோரம் அமர்ந்து கேட்டு, அது மிகுதி என்று எண்ணி, கலவையில் அந்தச் சுரத்தை ஒருமுறை வெட்டிக் குறைத்துவிட்டேன். ஓட்டோவில் போட்டுப் பார்த்தபோது பாட்டில் அடிச்சுரமே இல்லை.

கைபேசியின் சிக்கல் வேறு. மிகத் தடித்த கம்பியின் அடிப்படை மீடிறன் (தமிழகத்தார் அதிர்வெண் என்பர்) 41 ஹேர்ட்ஸ்; அதை ஒலிக்கத் தேவையான காற்றைத் தள்ள அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் இயலாது. ஆயினும் 82, 123 என்று 41இன் மடங்குகளாக மேலேறும் மேற்றொனிகளுள் கைபேசிக்கு எட்டக்கூடியவை தெளிவாக ஒலித்தால், அவற்றுக்கிடையிலான சம இடைவெளியைக் கொண்டு விடுபட்ட அடிச்சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே பேஸுக்கு மெல்லிய டிஸ்டோர்ஷன் (ஒலியலையின் வடிவை வேண்டுமென்றே சற்றுச் சிதைத்தல்) சேர்த்து மேற்றொனிகளை வளர்க்க வேண்டும். பேஸின் ஒலியளவை மட்டும் கூட்டினால் கைபேசியில் பெரிதாக ஒன்றும் மாறாது. திருவிழாவின் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளில் பாடகரின் குரல்தான் மூழ்கும்.

இங்கேதான் எனக்கு ‘ஈடு’ என்ற சொல் அகப்பட்டது. ஈடுகொடுத்தல் என்பது எதிர்நின்று தாக்குப்பிடித்தல். ஈடுசெய்தல் என்பது இழந்ததை வேறொன்றால் நிரப்புதல். கைபேசியில் பேஸ் இரண்டாவதைச் செய்துதான் முதலாவதைச் சாதிக்கிறது. “இந்தக் கலவை ஓட்டோவுக்கு ஈடுகொடுக்குமா?” என்று கேட்டால், கலைச்சொல் எதையும் அறியாத சாரதிக்கும் விளங்கும். தனித்து நிற்கும் ‘ஈடு’ அடகுக்கடையையும், ‘ஈடேற்றம்’ தேவாலயத்தையும் நினைவூட்டுவதால், பெயர்ச்சொல்லாக ‘ஈடுநிலை’யையும் வினையாக ‘ஈடுகொடு’வையும் முன்மொழிகிறேன்.

பெயரடை வடிவம் மட்டும் இன்னும் அமையவில்லை. ‘ஈடுள்ள கலவை’ என்றால் வட்டிக்கு வைத்த கலவைபோல் இருக்கிறது. நல்ல மாற்று இருப்பின் அறியத் தாருங்கள்.