மறுமொழி: ‘வழுக்குப்பாறை’ வேண்டாம், ‘மொட்டைப்பாறை’ என்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த கடிதங்களை இன்று பின்னேரம்தான் ஒன்றாக இருந்து வாசித்து முடித்தேன். தம்பி கேட்டது சின்ன உதவிதான்: அமெரிக்காவின் உயர்சமவெளியிலும் ரொக்கி மலைப் பக்கத்திலும் உள்ள மலைச்சைக்கிள் தடங்களைப் பற்றி மட்டக்களப்புப் பொடியன்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன், ஐந்தாறு சொல்லுக்குத் தமிழ் தாருங்கள் என்று. மற்றச் சொற்களில் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் வெறும் மணற்கல் பாறைப்பரப்பை ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஸ்லிக்ராக்’ என்பதற்கு அண்ணன் ‘வழுக்குப்பாறை’ என்று போட, அதற்கு நாலு பேர் சரி என்றும் எழுதிவிட்டார்கள். அது அப்படியே நிலைத்துவிடுமோ என்ற கவலையில் எழுதுகிறேன். அண்ணன் கோபிக்கக் கூடாது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவர் சொன்னது சரிதான், ஆனால் பாறையைப் பார்த்தால் பிழை.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற சிறு நகரம். அதைச் சுற்றி மரமும் மண்ணும் இல்லாமல் மைல் கணக்கில் கிடக்கும் வெறும் மணற்கல். டைனோசர் காலத்துக் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை அவை, அதனால் பாறை முழுக்க அலை அலையாக ஏறி இறங்கும். முதலில் அங்கே குடியேறியவர்கள் குதிரையில் போனார்கள். குதிரைக்கு இரும்பு லாடம். இரும்பு அந்தக் கல்லில் நிற்காது, சறுக்கும். குதிரைக்காரன் பட்ட பாட்டில் பிறந்த பெயர் அது. பிறகு 1969இல் அங்கே மோட்டார் சைக்கிளுக்கென்று ஒரு தடம் போட்டார்கள், அப்புறம் மலைச்சைக்கிள்காரர் வந்து அதை உலகம் முழுக்கத் தெரிய வைத்தார்கள். 16, 17 கிலோமீட்டர் சுற்று. அவர்கள் ஏன் வந்தார்கள் என்றால், ரப்பர் டயர் அந்தக் கல்லை விடாமல் பிடிக்கும். புதிதாகப் பொளிந்த அம்மி மாதிரி அதன் முகம். வேறு மண்ணில் நினைத்தும் பார்க்க முடியாத ஏற்றத்தை அங்கே மிதித்து ஏறலாம். இரும்பு வழுக்கிய அதே இடத்தில் ரப்பர் பிடிக்கிறது.

இனி எங்கள் பொடியன் ஒருவன் தம்பியின் கட்டுரையில் ‘வழுக்குப்பாறை’ என்று வாசிக்கிறான் என்று வைப்போம். அவன் மனதில் என்ன வரும்? மார்கழி மாரிக்குப் பிறகு பச்சைப் பாசி பிடித்துக் கிடக்கும் பாறைதான் வரும். அதில் ஏறும்போது என்ன செய்வான்? பயத்தில் பிரேக்கைப் பிடிப்பான், உடம்பைப் பின்னுக்கு இழுப்பான், வேகத்தைக் குறைப்பான். மணற்கல் ஏற்றத்தில் அதைச் செய்தால் நடுவழியில் நின்று சாய்ந்து விழவேண்டியதுதான். அங்கே சீராக மிதித்துக்கொண்டு டயரை நம்ப வேண்டும். இதைவிட மோசமானது மறுபக்கம். ‘வழுக்குப்பாறை என்றால் டயர் நல்லாப் பிடிக்கும்’ என்று கட்டுரையில் படித்துவிட்டு இங்கே மாரியில் பாறைக்குப் போனால்? நான் ஒருமுறை தாந்தாமலையில், சைக்கிளும் இல்லை, வெறுங்காலோடு, மழை விட்டு இரண்டு நாள் கழித்து ஏறினேன். வெயிலில் காய்ந்த கல்தானே என்று நம்பி நீர் வடிந்த கறுத்த கோட்டில் காலை வைத்தேன். மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் பேனை பிடிக்க முடியவில்லை. அதுதான் வழுக்குப்பாறை. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, அது எங்களைக் காப்பாற்றுகிற வேலை. அதை எடுத்து எதிரான பொருளுக்குக் கொடுக்கக் கூடாது.

அதனால் ‘மொட்டைப்பாறை’ என்று முன்வைக்கிறேன். இது நான் ஆக்கிய சொல் இல்லை. மரமில்லாத மலையை மொட்டைமலை என்றும் புல் முளைக்காத பாறையை மொட்டைப்பாறை என்றும் சொல்லித்தானே வளர்ந்தோம். மோவாப்பில் உள்ளதும் அதுதான்: மண்ணும் செடியும் போர்த்தாமல் திறந்து கிடக்கும் பாறைப்பரப்பு. வழுக்குமா பிடிக்குமா என்று இந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. அதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் வழுக்குவதும் பிடிப்பதும் கல்லையும் காலத்தையும் அடியில் போட்டிருப்பது இரும்பா ரப்பரா என்பதையும் பொறுத்தது.

அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டிருந்தார்: மொட்டைப்பாறை என்றால் எங்கள் ஊர்க் கருங்கல்லும் மொட்டைப்பாறைதானே, மோவாப் மணற்கல்லின் தனித்தன்மை போய்விடாதா என்று. போகும், உண்மை. கல் எது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘மணற்கல் மொட்டைப்பாறை’ என்று இரண்டு சொல்லாக எழுதலாம். வயோமிங்கில் லாரமிக்கும் செயெனுக்கும் நடுவில் வீடவூ என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே உள்ளது கருங்கல், 140 கோடி ஆண்டு பழையது, உருண்டை உருண்டையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்த மாதிரி நிற்கும். படத்தில் பார்த்தால் எங்கள் குடும்பிமலைப் பக்கத்துப் பாறைகளை யாரோ குளிர்நாட்டுக்குத் தூக்கிப்போன மாதிரி இருக்கும். அதைக் ‘கருங்கல் மொட்டைப்பாறை’ என்போம். ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்தால் கடைசியில் யாரும் சொல்லாத சொல்தான் மிஞ்சும்.

இன்னொருவர் ‘பற்றுப்பாறை’ என்று எழுதியிருந்தார். டயர் பற்றும், ஆகவே பற்றுப்பாறை. சிந்தனை அழகு. ஆனால் அந்தப் பாறையிலும் பள்ளமான இடங்களில் காற்று கொண்டுவந்த மணல் படிந்திருக்கும், அதில் டயர் போனால் பிடி விட்டுப்போகும். பற்றுப்பாறை என்று எழுதிவிட்டு, கவனம் சறுக்கும் என்று அடுத்த வரியில் எழுத முடியுமா? அதோடு ‘மச்சான், அந்தப் பற்றுப்பாறையில ஏறுவமா?’ என்று எந்தப் பொடியன் கேட்பான்? எனக்கு வாயில் வரவில்லை.

ஒலிபெயர்த்து ‘ஸ்லிக்ராக்’ என்றே விடலாம் என்பவர்களுக்கு: மோவாப்பில் உள்ள அந்த ஒரு தடத்தின் பெயர் ஸ்லிக்ராக் தடம், அதை அப்படியே விடத்தான் வேண்டும். உகந்தை என்ற ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லையே. ஆனால் பாறை வகையைச் சொல்லும்போது பொதுச்சொல் வேண்டும்.

இதையெல்லாம் யோசிக்கும்போது குடும்பிமலைதான் நினைவுக்கு வந்தது. அதே மலையைச் சிங்களத்தில் தொப்பிகல என்கிறார்கள், ஆங்கிலேயர் பிரபுவின் தொப்பி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து ‘தொப்பிக்கல்’ என்று மொழிபெயர்க்கவில்லை. தாங்கள் பார்த்தார்கள், தலையில் முடிந்த குடும்பி மாதிரித் தெரிந்தது, வைத்தார்கள். படுவான்கரை, எழுவான்கரையும் அப்படித்தான், வாவியின் எந்தக் கரையில் சூரியன் படுகிறான், எதில் எழுகிறான் என்று பார்த்து வைத்த பெயர். கலைச்சொல் ஆக்கும்போதும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அகராதியைத் திறக்கும் முன் அந்தத் தரையைப் பார்ப்போம், அதில் சைக்கிள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

அந்தக் கண்ணோடு மற்றச் சொற்களுக்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

‘சிங்கிள்ட்ராக்’ என்பதற்கு ‘ஒருவழிப்பாதை’ என்று யாரோ போட்டிருந்தீர்கள், அது மட்டக்களப்பு டவுனில் பொலிஸ் மறிக்கிற பாதை, தயவுசெய்து வேண்டாம். ‘ஒற்றைத்தடம்’, ‘தனித்தடம்’ இரண்டையும்விட எனக்கு ‘ஒற்றையடித்தடம்’ பிடித்திருக்கிறது. அடி என்றால் கால், சைக்கிளுக்கு ஏன் கால் என்று தம்பி கேட்கிறான். தம்பி, அந்தச் சொல்லில் முக்கியம் அகலம். ஒருவர் பின் ஒருவர்தான் போகலாம், பக்கத்தில் பக்கமாகப் போக இடமில்லை, அதுதான் சிங்கிள்ட்ராக்கின் இலக்கணமும். அங்கே பல தடங்களில் நடப்பவரும் குதிரையில் வருபவரும் சைக்கிள்காரரும் ஒன்றாகத்தான் போகிறார்கள், எதிரே ஆள் வந்தால் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும், குதிரை வந்தாலும் அப்படியே. காலுக்கு முன்னுரிமை உள்ள தடத்தில் பெயரில் அடி இருப்பது பொருத்தம்தானே. அது எப்படியிருக்கும் என்று வாசகனுக்கு நீ விளங்கப்படுத்த வேண்டுமானால் ஒரு வரி சேர்: வயல் வரம்பில் சைக்கிள் ஓடியவனுக்கு அது புதிதில்லை. கேரியரில் அரை மூடை நெல்லோடு, ஒரு பக்கம் தண்ணீர் மறுபக்கம் சேறு, முன்சில்லைப் பார்த்தால் விழுவாய், தூரத்தைப் பார்த்தால் போய்ச்சேர்வாய். ஒற்றையடித்தடம் ஓடப் பழக்குகிறவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான், கண்ணைத் தூரத்தில் வை என்று.

இரட்டைக் கோடாக உள்ளதற்கு ‘வண்டில்தடம்’. மாட்டுவண்டில் குறைந்து இப்போது உழவு இயந்திரம்தான் அந்த இரண்டு கோட்டையும் போடுகிறது, நடுவில் புல் வரி நிற்கிறது. சொல் மாறத் தேவையில்லை.

கனடாவில் இருந்து மெக்சிக்கோ எல்லைவரை மலைமுதுகை ஒட்டி 4,000 கிலோமீட்டருக்கு மேல் போகிறதே, கிரேட் டிவைட் வழி, அதை உன் வரைவில் ஒற்றையடி என்று எழுதியிருக்கிறாய். அது பெரும்பாலும் கிறவல் (சரளைக்கல்) ரோடும் மண் ரோடும். கிறவல் என்றே எழுது, உன்னிச்சைக்குப் போகிறவனுக்கு அதைவிடத் தெளிவான சொல் இல்லை.

உயர்சமவெளி சரி. ஆனால் ஒரு விளக்கம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு உயரம் என்றால் நுவரெலியா, சரிவு, தேயிலை, பனிமூட்டம். லாரமி நகரம் கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர், நுவரெலியாவைவிட உயரம். ஆனால் ஊரைச் சுற்றி மரமில்லாத புல்வெளி தட்டையாக, அறுவடை முடிந்த வயல்வட்டை மாதிரி, காற்றுக்கு மறைப்பே இல்லாமல் கிடக்கும். தட்டை ரோட்டில் மிதிக்கும்போதே மூச்சு வாங்கும் என்பதைச் சொல்லாவிட்டால் வாசகனுக்கு அந்த இடம் பிடிபடாது.

கடைசியாக ‘ஃபால் லைன்’. ‘வீழ்கோடு’ என்று வந்திருக்கிறது. ஆள் விழுகிற கோடு என்றுதான் வாசிப்பார்கள். மலைச்சரிவில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அது எந்த வழியாக இறங்குமோ அந்த வழிதான் அது. மேசன்மாரும் வயல்காரரும் ‘வாட்டம்’ என்று சொல்வார்களே, அதை எடுத்து ‘நீர்வாட்டம்’ என்போம். தடம் போடுகிறவர்களின் முதல் பாடமே இங்கேதான்: நீர்வாட்டத்தோடு நேரே தடம் வெட்டாதே, வெட்டினால் தண்ணீர் தடத்தையே வாய்க்காலாக்கி மண்ணைக் கொண்டுபோய்விடும். சரிவுக்குக் குறுக்கே வெட்டு, தடத்தின் ஏற்றச் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது, வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து விடு. இதை ‘அரைவாசிக் கணக்கு’ என்று எழுதலாம். குளக்கட்டும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இந்தப் பகுதியை விரித்து எழுது தம்பி, இரண்டு வரியில் முடித்திருக்கிறாய். உறுகாமம் பக்கம் பொடியன்கள் தாங்களே ஒரு தடம் போட வேண்டும் என்று கதைக்கிறார்கள் என்று நீதான் எழுதினாய். அவர்கள் முதலில் தேடப்போவது இந்தப் பக்கத்தைத்தான்.

அண்ணன், வழுக்குப்பாறைக்கு இன்னும் வாதம் இருந்தால் எழுதுங்கள், நான் கேட்கத் தயார். தடத்தில் ஏற்றத்தின் நடுவே தண்ணீரை வெளியே திருப்ப ஒரு சின்ன இறக்கம் வைப்பார்கள், அதற்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. வயல் வேலையில் இதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அக்காவின் அப்பா வயல் வேலைகளை மேற்பார்க்கிற வட்டவிதானையாக இருந்தவர், அவரிடம் ஒருமுறை கேட்டுச் சொல்ல முடியுமா?