ஏசி உள்ள பழைய காருக்கு எத்தனை ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பொருந்தும்?

கேள்வி
1970களின் தொடக்கத்தில் தயாரான என் காரில் இருப்பது 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி). ஏசியும் ரேடியேட்டருக்கான மின்விசிறியும் பின்னாளில் சேர்க்கப்பட்டவை. ஓட்டத்தில் குறையேதும் தெரிவதில்லை. ஆனால் இரவில் ஏசியோடு சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கி, புளோயரின் வேகம் தளர்ந்து, அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மானி) முள் டிஸ்சார்ஜ், அதாவது பேட்டரி இறங்கும் பக்கம் சாய்கிறது. 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டினால் மட்டும் போதுமா?

பதில் 1
முதலில் சுமையைக் கூட்டிப் பாருங்கள். ஹெட்லைட்டுகள் ஏறத்தாழ 10 ஆம்பியர், முழு வேகத்தில் புளோயர் 15 முதல் 20, கம்ப்ரசர் கிளட்ச் 3 அல்லது 4, இக்னிஷன் 4, மின்விசிறி 10க்கு மேல் என்று கொண்டால், மொத்தம் 40ஐத் தாண்டிவிடும். உங்கள் ஆல்டர்னேட்டரோ அந்த 35ஐயும் வேகமாகச் சுழலும்போதுதான் தரும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அதில் பாதி கிடைப்பதே அரிது. ஆகவே மேலே அச்சிட்டிருக்கும் 100 என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் ஓட, புல்லி விகிதம் (எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஆல்டர்னேட்டர் சுழலும் சுற்றுகள்) இரண்டரை மடங்கு என்றால், ஆல்டர்னேட்டர் 2000 ஆர்பிஎம்மில் சுழலும். அந்த வேகத்தில் எத்தனை ஆம்பியர் வரும் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

பதில் 2
எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் அம்மீட்டர்தான். இத்தகைய கார்களில் சார்ஜ் மின்னோட்டம் முழுவதும் டேஷ்போர்டுக்குள் போய், அம்மீட்டரைக் கடந்தே பேட்டரியை அடைகிறது. 35 ஆம்பியருக்கென அமைந்த அந்த வயரில், பேட்டரி இறங்கியிருக்கும் நாளில் 70 ஆம்பியர் பாய்ந்தால் முனைகள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எனவே ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தனி வயரை, பேட்டரிக்கு அருகில் தகுந்த ஃப்யூஸுடன் இழுத்துவிட்டு, அம்மீட்டரை விலக்கி வோல்ட்மீட்டர் பொருத்துங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையையும் தடிமனாக்க வேண்டும். ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) உள்ளேயே அமைந்த ஆல்டர்னேட்டரை வாங்கினால் பழைய ரெகுலேட்டர் தேவையில்லை. ஆனால் சார்ஜ் எச்சரிக்கை விளக்கை மட்டும் நீக்கிவிடாதீர்கள், பல வகைகளில் சார்ஜ் தொடங்குவதற்கான சிறு மின்னோட்டம் அதன் வழியாகவே வருகிறது.

கேட்டவர்
மிக்க நன்றி. வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே ஒரு வி-பெல்ட்தான் சுழற்றுகிறது. அது தாங்குமா?

பதில் 1
100 ஆம்பியரை முழுதாக எடுத்தால் வெளிவருவது 1.4 கிலோவாட்; இழப்புகளையும் சேர்த்தால் எஞ்சினிடமிருந்து 3 குதிரைத்திறனுக்குக் குறையாமல் இழுக்கும். ஒற்றைக் குறுகிய பெல்ட் அப்போது வழுக்கும், சிறிய புல்லி போட்டால் பிடிமானம் இன்னும் குறையும். ஐடிலிங்கில் நன்றாகத் தரக்கூடிய 65 அல்லது 70 ஆம்பியர் வகையே உங்களுக்கு ஏற்றது என்பேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு எல்லாவற்றையும் இயக்கி, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரையும் இணைப்புகளையும் முதலில் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் ஐடிலிங்கில் பேட்டரி 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள்.