வேலூர் பக்கம் பால்வீதியைப் படம் எடுக்க எந்த இடம் நல்லது?

காட்பாடிவாசி:
வணக்கம். கையில் இருப்பது ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு ட்ரைபாட். மொட்டைமாடியில் மூன்று இரவு முயன்று பார்த்தேன், 20 நொடி வைத்தாலே வானம் முழுக்க ஆரஞ்சாகிவிடுகிறது. மார்ச் அமாவாசையை ஒட்டி ஒரே ஒரு நாள் லீவு கிடைக்கும். ஏலகிரியா, ஜவ்வாது மலையா? காவலூர் தொலைநோக்கி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று எடுக்கலாமா?

ஆலங்காயத்துக்காரன்:
ஜவ்வாதுதான், யோசிக்கவே வேண்டாம். ஏலகிரி இன்னும் உயரம், ஆனால் மேலே விடுதி விளக்குகள், கீழே ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் இரண்டும் தென்மேற்கில் வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. பால்வீதியின் மையம் நமக்குத் தெற்கில், விருச்சிக ராசித் தேளின் கொடுக்கை ஒட்டி, அதாவது மூலம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஊர் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி இடம் பிடிக்க வேண்டும். ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கம் போனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வெளிச்சமெல்லாம் வடக்கிலும் மேற்கிலும் போய்விடும்.

ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 1972-ல் அங்கே வைத்த 1 மீட்டர் தொலைநோக்கிதான் 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் காட்டிக்கொடுத்ததில் பங்கு வகித்தது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. ஆனால் வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். கார் ஹெட்லைட், டார்ச் எல்லாம் அங்கே வேலை செய்பவர்களைக் கெடுக்கும். பொதுமக்களுக்கான நாளில் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள், படத்துக்கு வேறு இடம் போங்கள். காட்டுக்குள் இறங்க வேண்டாம், கரடி நடமாட்டம் உண்டு. தெரிந்தவர் நிலத்தில், சொல்லிவிட்டு நில்லுங்கள்.

மூலம்_கேட்டை:
அண்ணன் சொன்ன திசை விஷயம் ரொம்ப முக்கியம். இன்னொன்று, லடாக் போனால்தான் நல்ல படம் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு: அங்கே இருக்கும் ஹான்லே ஊரின் வானம் நம்முடையதைவிட மிக இருட்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பால்வீதி மையம் உச்சத்தில் அடிவானத்துக்கு மேல் 28 டிகிரிதான் ஏறும், நமக்கு 48. திரிசங்கு என்கிற தென்சிலுவை விண்மீன் கூட்டமும் நமக்கு முழுசாகத் தெரியும்.

மார்ச்சில் மையம் நள்ளிரவுக்குப் பின்தான் எழும், அதனால் மூன்று மணியிலிருந்து ஐந்து வரைதான் உங்கள் நேரம், முன்னாலேயே தூங்கிவிடுங்கள். 18 எம்எம், எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 15 நொடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். ஃபோகஸுக்கு லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும்வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள்.

காட்பாடிவாசி:
ரொம்ப நன்றி, ஜமுனாமரத்தூர் பக்கமே போகிறேன். அதிகாலையில் லென்ஸில் பனி படிந்தால் என்ன செய்வது?

மூலம்_கேட்டை:
துடைக்காதீர்கள், மறுபடி படியும், கோடும் விழும். போன பிப்ரவரியில் நான் கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய காலுறையில் போட்டு லென்ஸைச் சுற்றிக் கட்டினேன், கண்ணாடியைத் தொடாமல். ஒரு மணி நேரம் தாங்கியது. இரண்டு காலுறை எடுத்துப் போங்கள்.