தொட்டிக்கும் ஷவருக்கும் சேர்த்து ஒரு குழாய் செட்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். குன்னூரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் இரும்புக் குளியல்தொட்டி ஒன்று இருக்கிறது. அதை அகற்ற அம்மாவுக்கு மனமில்லை. குழாய்தான் போய்விட்டது. திருப்பினால் வெந்நீர் பாதி ஷவரிலும் பாதி தொட்டியிலுமாக ஒழுகுகிறது. டிசம்பர் குளிரில் அப்படிக் குளித்துப் பார்த்தால் தெரியும்!

இரண்டுக்கும் பொதுவான வால் மிக்சர் (வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் சுவர்க் குழாய்) 6,000 ரூபாய்க்குள் வேண்டும். சுவரில் வெந்நீர், தண்ணீர் இணைப்புகளுக்கு இடைவெளி 150 மி.மீ. மாடித் தொட்டி ஷவரைவிட 10 அடிதான் உயரம், அழுத்தம் 0.3 பார்தான். இதற்கு ஒற்றைக் கைப்பிடி சரிவருமா, இரண்டு திருகு உள்ளதே மேலா? கடையில் காட்டிய மலிவு செட் கையில் தகரம்போல் லேசாக இருந்தது. எனக்குப் பித்தளைதான் வேண்டும். ஊட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ வாங்கியவர்கள் சொல்லுங்களேன்.