மறு: அலுவலகமான பழைய வீடு – சொல் தேவை, அவசரம்

காரைக்குடி மொழிபெயர்ப்பாளர்:
கட்டடக்கலை மாணவர் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கத்துச் செங்கல் டவுன்ஹவுஸ்கள் பற்றி ஓர் இயல். 1775 முதல் 1783 வரை எழுந்தவை. குடும்பங்கள் போய், இன்று பெரும்பாலும் அலுவலகங்கள். டவுன்ஹவுஸுக்கு 'நகர்மனை', பழைய கட்டடத்தை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் ரீயூஸுக்கு 'தகவமை மறுபயன்பாடு' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

தேவகோட்டைத் தமிழாசிரியர்:
'நகர்மனை'யை வினைத்தொகையாகப் பிரித்தால் நகர்கிற மனை, சக்கரம் வைத்த வீடு! 'நகரவீடு' என்றால் நம் பக்கம் நகரத்தார் வீடென்றே படிப்பார்கள். அதுவும் தப்பில்லை, சோழர் கல்வெட்டில் நகரம் என்பது வணிகர் சபையும்தான். 'தகவமை' உயிரியல் பாடத்தில் ஒட்டகத்துக்குச் சொல்வது. 'மாறுபயன்' என்பேன். ஒற்று மிகாது, ஐந்தே எழுத்து.

கானாடுகாத்தான் பொறியாளர்:
ஐயா, மாறுகண், மாறுவேடம் வரிசையில் வீட்டையும் சேர்க்கிறீர்களே. லண்டன் வீடு ஒடுங்கி உயர்ந்தது; அங்கே தகராறெல்லாம் படிக்கட்டிலும் லிஃப்டிலும். நம் செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு (நடு முற்றமும் சுற்றுக்கட்டும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்தெரு வரை படுத்துக் கிடக்கிறது. வளவைச் சுற்றிய அறைகள் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாகச் சாமான் வைக்கக் கட்டியவை. மேசை போட்டால் ஆள் திரும்ப இடமில்லை, அறைக்கு வெளியே முற்றத்தை ஒட்டிய பத்தியில்தான் உட்கார வேண்டும். ஒயருக்காகச் சுவரைக் கொத்தி சிமென்ட் பூசுகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்த பிறகு பழையபடி வீடாக்க நினைத்தாலும் செலவு தாங்காது. சுவரைக் கெடுக்காமல் செய்தால்தான் அது மறுபயன். மற்றதெல்லாம் இடித்துக் கட்டுவதில் சேர்த்தி.

யாழ்ப்பாண வாசகர்:
இடையில் ஒன்று. எங்களுக்கு வளவு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள காணி. நீங்கள் அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களே!

தேவகோட்டைத் தமிழாசிரியர்:
வளை என்பதுதான் வேர். வீட்டை வளைத்தாலும் முற்றத்தை வளைத்தாலும் வளவு. வளாகத்தையும் இதோடு சேர்க்கலாம். வளையல், வளை, வளையம்...

காரைக்குடி மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, திங்கட்கிழமை!

பள்ளத்தூர் ஆச்சி:
எங்கள் ஐயா முகப்பில் உட்கார்ந்துதான் கொடுக்கல் வாங்கல் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளை சாய்வு மேசையோடு பக்கத்தில் இருப்பார். வீட்டுக்கு அலுவலகம் புதிதா என்ன? இதில் எது மாறியது? வாடகைக்கு விடப் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குவதுதான் பாடு. அதற்கு ஒரு சொல் கண்டுபிடியுங்கள் அப்பச்சி.

காரைக்குடி மொழிபெயர்ப்பாளர்:
ஆச்சி சொல்வதைப் பெட்டிச்செய்தியாகப் போடுகிறேன். மற்றபடி 'மறுபயன்பாடு'தான், 'தகவமை' போய்விட்டது. டவுன்ஹவுஸை அப்படியே விட்டு, முதல் இடத்தில் மட்டும் 'சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடு' என்று விளக்கிவிடுகிறேன்.

தேவகோட்டைத் தமிழாசிரியர்:
மறுபயன்பாடு காலி பாட்டிலுக்கும் பொருந்தும் தம்பி. அடிக்குறிப்பிலாவது 'மாறுபயன்' வரட்டும்.