மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் விளையாட வழி செய்தது யார்?

வைகைக்கரை:
அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கால்பந்தில் (நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால்) கொட்டும் பணத்தால் சாதாரண மாணவனுக்கு ஒரு பயனும் இல்லை என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் மறுக்கிறேன். மிச்சிகனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் அணிகளோடு மோதாமல் சொந்த மாணவர்களுக்குள்ளேயே போட்டி நடத்துவதை இன்ட்ராமூரல் என்பார்கள். அதற்கென்று தனித் துறையை முதன்முதலில் அமைத்தவை மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும், இரண்டும் 1913இல். கூடைப்பந்து கோச்சாக இருந்த எல்மர் மிட்செல் 1919இல் மிச்சிகனின் இன்ட்ராமூரலைப் பொறுப்பெடுத்து, அதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1921இல் விளையாட்டு இயக்குநரான ஃபீல்டிங் யோஸ்ட் யார்? கால்பந்து கோச். அவர் 1927இல் 72,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைக் கட்டினார், மறு வருடமே இன்ட்ராமூரலுக்கென்று நீச்சல் குளத்தோடு பெரிய கட்டடம், 1931இல் கோல்ஃப் மைதானம். எல்லாம் கால்பந்து ரசிகர்கள் வாங்கிய டிக்கெட்டையும் கடன் பத்திரத்தையும் நம்பி எழுந்தவை. அணியில் இடம் கிடைக்காத பையனும் நீந்த முடிந்தது என்றால் அதற்குக் காரணம் அந்தக் கூட்டம்தான்.

மலர்விழி:
வைகை அண்ணா, நீங்கள் கதையைப் பாதியில் தொடங்குகிறீர்கள். அந்தக் கால்பந்து யாருடையது? 1852இல் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் போட்டிதான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டி. துடுப்புப் போட்டவர்கள் மாணவர்களின் படகு கிளப்பைச் சேர்ந்தவர்கள், செலவை ஏற்றுக்கொண்டது பயணிகளை இழுக்க நினைத்த ஒரு ரயில்வே கம்பெனி. 1869இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடிய முதல் கால்பந்து ஆட்டமும் மாணவர்களே பேசி வைத்துக்கொண்டதுதான். இன்றைய கணக்கில் இரண்டும் கிளப் விளையாட்டு, அதாவது மாணவர்களே நடத்துவது. அப்புறம் கூட்டம் வந்தது, டிக்கெட் வந்தது, சம்பளத்துக்குக் கோச் வந்தார், ஆட்டத்தில் உயிர்கள் போய் 1905இல் நாடே கொந்தளித்த பிறகு மேலே கல்லூரி விளையாட்டைக் கட்டுப்படுத்த ஒரு சங்கமும் உட்கார்ந்தது. மாணவர்களிடமிருந்து விளையாட்டு போன பிறகுதான், மிச்சம் இருந்தவர்களுக்காக இன்ட்ராமூரல் துறை தேவைப்பட்டது. எடுத்ததில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்ததைத் தானம் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், நீங்கள் எழுதியது முழுக்கப் பையன்கள்தானே. மிச்சிகனில் பெண்களுக்கு அதிகாரபூர்வ அணிகள், அதாவது பல்கலைக்கழகமே பணம் போட்டு நடத்தும் அணிகள், வந்தது 1973-74 கல்வியாண்டில். அதுவும் 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்து, படிப்பிலும் விளையாட்டிலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற பிறகு. அரை நூற்றாண்டாக எல்லோருக்கும் விளையாட்டு என்று பேசிய இடம் அது.

வைகைக்கரை:
பெண்கள் விஷயத்தில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் மாணவர்கள் தாங்களாகவே எல்லாம் நடத்தியிருப்பார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. படகு கிளப்பில் யார் இருந்தார்கள்? பணமும் நேரமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். நூற்றுக்கணக்கான அணிகளுக்கு அட்டவணை போட்டு, நடுவர் வைத்து, குளத்தைச் சுத்தம் செய்து, காலையில் கதவைத் திறந்து வைக்க ஒரு நிர்வாகம் வேண்டும். நான்கு வருடத்தில் பட்டம் வாங்கிப் போகிறவர்களால் அது நீடித்து நடக்காது.

ஆற்றுமணல்:
நடுவில் வருகிறேன். இருவரும் பணக்காரப் பல்கலைக்கழகங்களிலேயே நிற்கிறீர்கள். இன்று அமெரிக்கா முழுக்கப் பல்கலைக்கழகப் பொழுதுபோக்கு விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு நிர்சா என்று ஒரு சங்கம் இருக்கிறதே, அது பிறந்தது மிச்சிகனில் இல்லை. நியூ ஆர்லியன்ஸில், கறுப்பின மாணவர்களுக்கான டில்லார்ட் பல்கலைக்கழகத்தில். வில்லியம் வாஸன் என்பவர் 1948இல் கார்னகி நிதியுதவியோடு 25 கறுப்பினக் கல்லூரிகளின் இன்ட்ராமூரல் திட்டங்களை ஆராய்ந்தார். 1950 பிப்ரவரியில் 11 கல்லூரிகளிலிருந்து 22 பேரை டில்லார்டில் கூட்டினார், அதில் பெண்களும் இருந்தார்கள். அதுதான் தேசிய இன்ட்ராமூரல் சங்கம், 1975இல் நிர்சா ஆனது. ஊருக்குள் இனப்பிரிவினை, கையில் சொற்ப நிதி, ஆனாலும் தொழிலுக்கான சங்கத்தை அமைத்தவர்கள் அவர்கள். அதே சங்கம் 1959இல் பெண்களை வெளியேற்றி 1971இல்தான் திரும்பச் சேர்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அது எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி.

மலர்விழி:
மிக்க நன்றி ஆற்றுமணல். இதைத்தான் சொல்ல வந்தேன். பெரிய ஸ்டேடியம் இல்லாத இடத்திலும் வேலை நடந்திருக்கிறது!

சரி, இன்றைய நிலைக்கு வருவோம். மிச்சிகன் ஆண்கள் படகு அணி இன்றும் கிளப் அணிதான். 2008இல் தொடங்கிய கிளப் படகு அணிகளுக்கான தேசியப் போட்டியில் பலமுறை முதலிடம் வாங்கியது. அவர்கள் ஊர்க்காரர்களின் வீடுகளுக்குப் போய் இலை வாருவது, சாமான் தூக்குவது என்று கூலி வேலை செய்து படகுக்குப் பணம் சேர்க்கிறார்கள். அதே ஊரில்தான் உங்கள் ஸ்டேடியம் இருக்கிறது, அண்ணா. அந்தப் பணம் ஏன் ஆற்றங்கரைக்கு வரவில்லை?

வைகைக்கரை:
வந்ததே, பெண்கள் படகு அணிக்கு வந்தது. அதுவும் கிளப்பாக இருந்ததுதான், 1996இல் அதிகாரபூர்வ அணியாக முழு அங்கீகாரம் பெற்றது. உதவித்தொகை, முழுநேரக் கோச், பயணச் செலவு எல்லாம் பல்கலைக்கழகக் கணக்கில். நீங்கள் கேட்ட நியாயம் அங்கே கிடைத்தது, அதைக் கொடுத்தது விளையாட்டுத் துறையின் பணம்.

துடுப்புக்காரன்:
நான் வேறு ஒரு பல்கலைக்கழகத்தில் கிளப் படகோட்டி. அங்கீகாரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சை எங்கள் கரையில் பலர் நம்புவதில்லை. மிச்சிகன் ஆண்கள் லக்ராஸ் (வலை கட்டிய கட்டையால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்) அணியைப் பாருங்கள். 2008, 2009, 2010 மூன்று வருடமும் கிளப் அணிகளின் தேசிய சாம்பியன், 2012இல் அதிகாரபூர்வ அணி ஆனதும் அந்த சீசனில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். தோற்றது பெரிய விஷயம் இல்லை, அடுத்தடுத்த வருடங்களில் தேறிக்கொள்ளலாம். ஆனால் அப்படி மாறும் அணிக்கு கோச் நாடெங்கும் தேடிப் பள்ளி நட்சத்திரங்களைக் கூட்டி வருவார். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு முதன்முதலாகக் கட்டை பிடித்துக் கற்றுக்கொள்ள வருகிற மாணவனுக்கு அங்கே இடம் இருக்காது. நான் துடுப்பைத் தொட்டதே முதல் வருடக் கல்லூரியில்தான்.

வைகைக்கரை:
அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது பணம் மட்டும், அதோடு வரும் நிபந்தனை வேண்டாம். டிக்கெட் வாங்கியவனிடம் இதை எப்படி விளக்குவீர்கள்?

மலர்விழி:
யோஸ்ட் 1928இல் நிபந்தனை போட்டா அந்தக் குளத்தைக் கட்டினார்? நீந்தத் தெரியாதவனும் இறங்கலாம் என்றுதானே கட்டினார். உங்கள் ஆள் செய்ததைத்தான் நானும் கேட்கிறேன்.